எட்டாவது சுற்று

வெல்டரின் முகத்தில் அன்று காலையிலிருந்தே எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் இரண்டு மரக்கட்டைமேல் ஏற்றி நிறுத்திய மினி பைக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஸ்பேனரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். மூன்று மாதம் ஒரு ஞாயிறுகூட விடாமல் அவன் தன் கையாலேயே செய்த வண்டி. தண்ணீர் பம்ப்பின் எஞ்சின், தள்ளுவண்டியின் சக்கரம், மிச்சமிருந்த குழாயை வளைத்துச் செய்த உடம்பு. கிளப்பினால் ஜம்மென்று கிளம்புகிறது. இருநூறு அடி போவதற்குள் செயின் கழன்று விழுகிறது.

வண்டி அவனுக்கு இல்லை, அவன் அக்காவுக்கு. அக்கா மூன்றரை அடி உயரம். அதற்குமேல் அவள் வளரவில்லை. அதைப் பற்றி வருத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது, அலுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது, இப்போது இரண்டுக்கும் அவளுக்கு நேரமில்லை. பஸ் டிப்போவில் பத்தொன்பது வருஷமாக டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கடிகாரம்.

கடிகாரத்துக்கு இப்போது பதவி உயர்வு வந்திருந்தது. லைன் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு நிறுத்தமாகப் போய் வண்டிகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்க்கிற வேலை. ஆனால் வேலைக்குச் சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிய வேண்டும். ஊரில் இருக்கும் எந்த ஸ்கூட்டரில் உட்கார்ந்தாலும் அவள் கால் அந்தரத்தில் தொங்கியது. இன்று மூன்று மணிக்கு அதிகாரி டிப்போவுக்கு வருகிறார். அவர் கண்முன்னால் டிப்போ மைதானத்தை மூன்று சுற்று நிற்காமல் சுற்றிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பதவி பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். அவன் ஓய்வு பெற்றால்தான் அந்த நாற்காலி மறுபடி காலியாகும். அவனுக்கு வயது முப்பத்தொன்று.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் வெல்டர். "இந்தச் சனியன விட்டுடு. தினமும் காலைல நானே உன்ன என் வண்டில ஒவ்வொரு ஸ்டாப்பா கொண்டுபோய் விடுறேன்."

"நீ கொண்டுபோய் விட்டா நான் இன்ஸ்பெக்டர் இல்லடா. பார்சல்."

ஏழு வயதில் அவன் அவளைவிட உயரமாகிவிட்டான். அன்றிலிருந்து பஸ் படியில், சைக்கிளில், பல் டாக்டரின் நாற்காலியில் அவளைத் தூக்கி வைத்ததெல்லாம் அவன்தான். தூக்கும்போது அவள் எங்கேயோ பார்த்துக்கொள்வாள். ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்த்ததில்லை. பிறர் கையில் ஏறி இறங்காமல் ஒரே ஒரு நாளாவது போய்வர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த வண்டியையே ஆரம்பித்தான்.

செயின் மட்டும் அவன் சொல்பேச்சு கேட்பதாக இல்லை. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்தின் பல்சக்கரத்துக்கு வரும் செயின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஏறி இறங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அவன் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி, விரலால் தூக்கிப் பார்த்து, சரியாக வைத்து நட்டை முறுக்குவான். ஓட்டினால் ஒரு இடத்தில் செயின் வீணைக் கம்பி மாதிரி இறுகி முனகும். சரி என்று தளர்த்துவான். இப்போது வேறொரு இடத்தில் தொளதொளவென்று தொங்கிக் கழன்றுவிடும். மறுபடி முறுக்குவான். காலை ஏழு மணியிலிருந்து இதே பாட்டு.

"சக்கரத்துக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருக்கும்," என்றாள் உள்ளேயிருந்து வந்த அவன் மனைவி. "அண்ணி, நீங்களாவது கேளுங்க. என்கிட்ட ஒண்ணும் பேச மாட்டேங்குறாரு, ஸ்பேனர்கிட்டதான் பேசறாரு."

அக்கா சிரித்துக்கொண்டே வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் குந்தி உட்கார்ந்து குனிந்து பார்க்க வேண்டிய செயின் அவளுக்குக் கொஞ்சம் குனிந்தாலே கண்ணுக்கு நேராக வந்தது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சுத்து."

சுற்றினான்.

"நிறுத்தாத. இன்னும் சுத்து."

"ஒரு சுத்துக்கு மேல என்ன இருக்கு? திரும்பத் திரும்ப அதேதானே வரும்?"

"அதே வருதான்னு நீ பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. இருபது வருஷமாக எந்தச் சக்கரத்தையும் ஒரு சுற்று சுற்றித்தான் பார்த்திருக்கிறான். ஒரு சுற்றில் ஒரு சக்கரம் தன்னை முழுக்கக் காட்டிவிடும் என்பது அவன் நம்பிக்கை.

அக்கா அவனுடைய சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டாள். கீழ்ப்பக்கச் செயினில் விரலை வைத்து, மெதுவாகச் சுற்றச் சொல்லி, மிக அதிகமாக இறுகிய இடத்தில் நிறுத்தினாள். அங்கே பல்சக்கரத்தின் ஒரு பல்லில் வெள்ளை வைத்தாள். அந்தப் பல்மேல் உட்கார்ந்திருந்த செயின் கண்ணியிலும் வெள்ளை வைத்தாள். "இப்பச் சுத்து. மெதுவா."

ஒரு சுற்று வந்தது. வெள்ளைப் பல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கண்ணி வரவில்லை. அது எஞ்சின் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்றிலும் சேரவில்லை. மூன்றாவதில் பாதி போகும்போது செயின் தொங்கியது. நாலு, ஐந்து, ஆறு. பல் வரும்போது கண்ணி இல்லை, கண்ணி வரும்போது பல் இல்லை. ஏழாவதில் வெல்டருக்குப் பொறுமை போய்விட்டது. எட்டாவது சுற்று முடிந்தபோது இரண்டு வெள்ளையும் ஒன்றாக வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அக்காவின் விரலுக்கு மேல் செயின் விண்ணென்று இறுகியது.

அவன் மறுபடி எட்டு சுற்றினான். மறுபடி ஒன்றாக வந்தன. இன்னொரு எட்டு. அதே பல், அதே கண்ணி, அதே இறுக்கம். பல்லையும் கண்ணியையும் எண்ணிப் பார்த்தான். பல் அறுபது, கண்ணி தொண்ணூற்றாறு. பல்சக்கரம் எட்டு முறை சுற்றினால் செயின் சரியாக ஐந்து முறை சுற்றும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் பார்க்காமல், இந்த இரும்பு இத்தனை நாளும் தானே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிக்கா உனக்குத் தெரிஞ்சுது?"

"நாலாம் நம்பர் பஸ்ஸும் ஏழாம் நம்பர் பஸ்ஸும்டா," என்றாள். "நாலு ஒரு சுத்துக்கு இருபத்தஞ்சு நிமிஷம். ஏழு நாப்பது நிமிஷம். காலைல ஆறு மணிக்கு ஒண்ணா கிளம்பினா, மறுபடி ஒம்பது இருபதுக்குத்தான் ரெண்டும் ஒண்ணா உள்ள வரும். எங்க முன் கேட்டு குறுகல். முன்னெல்லாம் தினமும் ஒம்பது இருபதுக்கு அங்க அடிதடி. நாலாம் நம்பர் டிரைவர் ஏழத் திட்டுவான், ஏழாம் நம்பர் டிரைவர் நாலத் திட்டுவான். ரெண்டு பேர் மேலயும் பெருசா தப்பு இல்ல. சேர்ந்து வர்றப்பதான் வம்பு. உன் செயின் முனகறத ரெண்டு நாளாக் கேட்டுட்டு இருந்தேன். விட்டு விட்டு வருது, ஆனா தாறுமாறா வரல. வண்டி வர்ற மாதிரி வந்துச்சு."

அவன் அவளையே பார்த்தான். டிப்போவில் முப்பத்திரண்டு வண்டிகள் ஓடுகின்றன. முப்பத்திரண்டு சுற்று, முப்பத்திரண்டு நேரம், எது எப்போது எதைச் சந்திக்கும் என்பது அத்தனையும் இந்தச் சின்னத் தலைக்குள் பத்தொன்பது வருஷமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. இவளைத்தான் ஒன்றும் முடியாதவள் என்று அவன் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறான். நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப இங்க நாலு எது, ஏழு எது?" என்றாள் அக்கா.

இனி மறைத்துப் பயனில்லை. "பல்சக்கரத்த மாட்டற நாலு ஓட்டையும் நான் கையாலதான் போட்டேன்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்சம் நடு தவறியிருக்கும். அப்புறம் செயின் நீளம் பத்தல. பழைய செயின்ல இருந்து கொஞ்சம் சேத்தேன்."

"கொஞ்சம்னா?"

"பாதி."

வாசலில் நின்ற மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா திட்டவில்லை. பழைய கண்ணிகள் தேய்ந்து நீண்டிருக்கும், புதுக் கண்ணிகள் அப்படி இல்லை, அதனால் செயின் சுற்றும்போது ஒரு நேரம் நெகிழ்கிறது, ஒரு நேரம் இறுகுகிறது என்று அவனே விளக்கினான். புதுச் செயின் வாங்கலாம் என்றால் வர நாலு நாளாகும். மணி பத்தே முக்கால்.

"ரெண்டும் சரியாகணும்னு இல்ல," என்றாள். "நான் நாலாம் நம்பரப் பின் கேட்டுக்கு மாத்தினேன். சண்டை நின்னு போச்சு. ஒண்ணு ஒழுங்கா இருந்தா இன்னொண்ணத் தாங்கிக்கும்."

அவன் பல்சக்கரத்தைக் கழற்றி நாலு ஓட்டைகளையும் உருண்டை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினான். அவன் அதைத் தளர்வாக மாட்டியதும், அக்கா செங்கல்மேல் சாக்குக்கட்டியை அசையாமல் வைத்து, அதன் நுனியைப் பல்லோடு உரசும்படி நகர்த்தினாள். சுற்றும்போது ஒரு பக்கத்துப் பற்களில் மட்டும் வெள்ளை ஒட்டியது. அந்தப் பக்கம் மரச்சுத்தியால் ஒரு தட்டு. துடைத்துவிட்டு மறுபடி சுற்று. மறுபடி தட்டு. பதினேழாவதோ பதினெட்டாவதோ தட்டுக்குப் பிறகு, அறுபது பல்லிலும் ஒரே அளவு வெள்ளை ஒட்டியிருந்தது. நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். எட்டு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். செயின் ஒரு இடத்தில் லேசாகத் தொய்ந்தது, ஒரு இடத்தில் லேசாக இறுகியது, எங்கேயும் முனகவில்லை.

மூன்று மணிக்கு அதிகாரி கையில் ஒரு கோப்போடு டிப்போ மைதானத்தில் வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆரம்பிக்கலாம் என்றார். வெல்டரின் இரண்டு கைகளும் வழக்கம்போல அவளைத் தூக்க நீண்டன. அதற்குள் அவள் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன. நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் பின்னால் கட்டிக்கொண்டான்.

முதல் சுற்றில் அவன் மூச்சு விட்டானா என்று அவனுக்கே தெரியாது. மைதானத்தின் கோடியில் பஸ்கள் ஏறி இறங்கிப் பள்ளமான இடம் ஒன்று இருந்தது. செயின் போனால் அங்கேதான் போகும். வண்டி அதில் இறங்கி ஏறி வந்தது. இரண்டாவது சுற்றிலும் இறங்கி ஏறி வந்தது. மூன்றாவதில் அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஓய்வறையில் இருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள்.

"போதும்," என்றார் அதிகாரி. "பார்த்தாச்சு. நிறுத்தச் சொல்லுங்க."

அவள் நிற்காமல் அவர்களைக் கடந்து போனாள். அந்த ஒரு நொடியில் வெல்டர் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எங்கேயோ பார்க்கவில்லை. நேராக அவனைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

"நான் சொல்ல மாட்டேன் சார்," என்றான்.

அதிகாரி அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அவரும் அங்கேயே நின்று பார்த்தார். நாலு, ஐந்து, ஆறு என்று டிரைவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். எட்டாவது சுற்று முடிந்த பிறகுதான் அவள் வந்து நிறுத்தினாள், தானே இறங்கினாள்.

"என்னடா பாத்துட்டு நிக்கிற? செயின் எப்படியிருக்குன்னு பாரு."

அவன் குந்தி உட்கார்ந்து செயினைப் பார்த்தான். கண்ணில் நீர் நின்றதால் செயின் சரியாகத் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்து, "அப்படியே இருக்குக்கா," என்றான்.