எண் 23: நாச்சிமுத்து, அசல்

மாலை ஓவிய வகுப்பின் ஆண்டுக் கண்காட்சிக்கு நான் அப்பாவைக் கொடுத்தேன். வரைந்து வைத்திருந்த ஆற்றுப் படம் மூன்று மாதமாகக் காயவில்லை. ஆளுக்கு ஒரு படைப்பு கட்டாயம் என்று விதி இருந்தது.

விண்ணப்பத்தை நான்கு முறை எழுதினேன். தலைப்பு: நாச்சிமுத்து. உயரம்: ஐந்தடி நான்கு அங்குலம். எதனால் செய்யப்பட்டது என்ற கேள்விக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. கோடு போட்டேன். கலைச் சங்கச் செயலாளர் வசந்தாமணி அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

"அசலா, நகலா அம்மணி?"

"அசல்னு நெனைக்கறனுங்க்கா."

"நெனைக்கறயா?"

"அசல்தானுங்க."

முத்திரை குத்தினார். எண் 23.

சமுதாயக் கூடத்தின் வடக்குச் சுவரில் ஒரு மரச்சட்டம் மாட்டினார்கள். அப்பா அதற்குள் ஏறி நின்றுகொண்டார். நிற்பது அவருக்குச் சிரமமில்லை. தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக நின்றவர். பஸ் வந்த நேரத்தை நோட்டில் குறிப்பார். கிளம்பும் நேரத்துக்கு விசில் ஊதுவார். எந்தப் பஸ்ஸிலும் அவர் ஏறிப் போனதில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகு இரண்டு வருடமாக வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இங்கே சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். அது நல்ல மாற்றம் என்று எனக்குப் பட்டது. என் கணிப்புகள் பெரும்பாலும் தவறுகிறவை.

முதல் நாள் மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா தொடங்கியது. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றினார். மெழுகுவத்தி அடுத்தவர் கைக்குப் போனது. ஒரு திரியை ஏற்றினால் இன்னொரு திரி முளைத்தது. இரண்டாம் நாளும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாம் நாள் அவர் தெரியவில்லை. பொன்னாடைக் குவியலுக்குள்ளிருந்து வாழ்த்துரை மட்டும் வந்துகொண்டிருந்தது.

எனக்குச் சீட்டு ஒட்டும் பொறுப்பு. ஒவ்வொரு படைப்பின் கீழும் பெயர்ச் சீட்டு இருக்கும். ஒரு படைப்பு தனக்கு வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தச் சீட்டில் நான் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்ட வேண்டும். கடைசி நாளில், கேட்டவர் வந்து எடுத்துப்போவார். புள்ளித் தாள் என் பையில் இருந்தது.

அப்பாவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அம்மா போன பிறகு நாங்கள் வீட்டில் அதிகம் பேசியதில்லை. நான் துணிக்கடையிலிருந்து வந்து சோறு வைப்பேன், வகுப்புக்குப் போவேன், திரும்பி வந்து வகுப்புக் குறிப்பு எழுதுவேன். அவரை இவ்வளவு நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. எப்போது பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அப்பா மெதுவாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, பக்கத்து மாட்டுக்கு மூணு வெச்சிருக்கறாங்க."

எண் 22 ஒரு காங்கேயம் காளையின் படம். மூன்று புள்ளிகள் இருந்தன.

"அது பெரிய படமுங்கப்பா."

"எனக்கு ஒண்ணுங் காணம்."

"இன்னும் நேரமிருக்குதுங்க."

"நேரத்தப் பத்தி எனக்கே சொல்றயா நீ?"

சிரித்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அன்று பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் காளையைப் பார்த்துவிட்டு நேராக இருபத்து நான்காம் எண்ணுக்குப் போனார்கள். அது ஒரு தீயணைக்கும் வாளி. படைப்பு அல்ல. அதற்கும் யாரோ கேட்டதால் ஒரு புள்ளி ஒட்டினேன். அப்பா அதையும் பார்த்தார்.

நான்காம் நாள் மூன்று பத்துக்கு அவர் நின்றபடி கண்ணயர்ந்தார். தாளிலிருந்து ஒரு புள்ளியை உரித்து அவருடைய சீட்டில் ஒட்டினேன். புள்ளி கொஞ்சம் கோணலாக விழுந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு விழித்தார். முதலில் காளையைப் பார்த்தார். பிறகு கீழே.

"கண்ணு."

"என்னங்கப்பா?"

"யாராம்?"

"பேர் சொல்லலீங்க."

"ஆம்பளயா, பொம்பளயா?"

"சரியாப் பாக்கலீங்கப்பா."

"அட, பாத்து வெக்க மாட்டியா? ஒரு சீப்பு இருந்தாக் குடு."

தலைவாரிக்கொண்டார். அதன் பிறகு தூங்கவே இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் லேசாகத் தலையசைத்தார். காளையிடம்கூட ஏதோ பேசினார். முப்பத்தோரு வருடத்தில் அவரை யாரும் வேண்டும் என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்கிறவர்கள் பஸ்ஸைத்தான் கேட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் இரண்டு பேருக்குச் சோறு வைத்தேன். ஒரு தட்டு மீந்தது. நாளை அவரை யாராவது எடுத்துப்போவார்கள் என்று அப்போது உறுதியாகத் தெரிந்தது.

கடைசி நாளான ஐந்தாம் நாள் செயலாளரின் மேசைக்குப் போனேன். முதல் நாள் அந்த மேசை நாற்பது அடி தூரத்தில் இருந்தது. இப்போது கூடம் நீண்டிருந்தது. இருபத்தாறு நிமிடம் நடந்தேன். நடுவில் இரண்டு குடிநீர்ப் பந்தல்கள் வைத்திருந்தார்கள்.

"அக்கா, இருபத்து மூணுக்குப் புள்ளி வெச்சது நாந்தானுங்க."

"தெரியும் அம்மணி. மாட்டுக்கு யாரு வெச்சதுன்னு நெனைக்கறே?"

"யாருங்க?"

"மாடேதான்."

"அப்ப நான் எடுத்துரலாங்களா?"

"வெச்ச புள்ளிக்கு ஆளு வந்துருமே. கெளம்பிட்டாங்களாம். அஞ்சு நாப்பதுக்கு எடுத்துட்டுப் போவாங்க."

"நான் சும்மாதானுங்க வெச்சேன். கேட்ட ஆளே இல்லீங்க."

"அதுக்கு ஒரு பாரம் இருக்குது."

எடுத்துக் கொடுத்தார். ஒரே வரிதான் அச்சாகியிருந்தது. 'என்னை யாரும் கேட்கவில்லை என்பதை அறிவேன்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"நான் போட்டாப் போதுங்களா?"

"நீ எதுக்குப் போடறே? படைப்புதான் போடோணும்."

திரும்பி நடக்க நாற்பத்தோரு நிமிடம் ஆனது. அப்பா சட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றிருந்தார். சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார்.

"அது என்ன காயிதம்?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பாரத்தை நான்காக மடித்தேன்.

"சீட்டு ஒட்டற கணக்குங்கப்பா."

பையில் வைத்தேன். சரியா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஐந்து இருபதுக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அளவு நாடா. அப்பாவின் தோளை அளந்தார், பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"சொவுரு தயாரா இருக்குதுங்க. எங்கூட்ல எல்லாரும் காத்துட்டிருக்கறாங்க."

"எல்லாருமா?" என்றார் அப்பா.

"கொழந்தைங்க மட்டும் ஒம்பது பேருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வரைய முடியுமா என்று யோசித்தேன். என்னால் முடியாது. எனக்குக் கண் வராது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க ஊட்டுல எதுக்குங்க எங்கப்பா?" என்று கேட்டேன்.

"புள்ளி வெச்சிருந்துதுங்களே," என்றார் அவர், பணிவாக.

அப்பா சட்டத்திலிருந்து இறங்கினார். ஐந்து நாள் நின்றதில் கால் மரத்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். தழும்பைப் பற்றிக் கேட்டேன்.

"இதா? நீ கைக்கொழந்தையா இருக்கறப்ப கரண்டிய வீசுனே." தடவிக்கொண்டார். "நல்ல குறி உனக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"புள்ளி வெச்சது யாருன்னு நெசமாவே தெரியாதா கண்ணு?"

"தெரியாதுங்கப்பா."

"யாரோ, நல்ல மனசு."

"ஆமாங்க."

சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். பித்தளை தேய்ந்து வெளுத்திருந்தது. என் உள்ளங்கையில் வைத்தார்.

"போறவனே ஊதக் கூடாது. அஞ்சு நாப்பது. ஒரு நிமிசம் முந்தக் கூடாது, பிந்தக் கூடாது."

வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் நடந்தார். அப்பா இரண்டடி வைத்துவிட்டு விசிலுக்காக நின்றார். கூடம் அவருக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது. தூரத்தில் கடைசித் திரியை ஏற்றிவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கண்காட்சி திறந்துவைக்கப்பட்டது. ஆட்கள் கைதட்டினார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது ஆனது. விசிலை வாயில் வைத்தேன். அவருடைய வெற்றிலை வாசனை இருந்தது. அப்பா முதுகைக் காட்டியபடி காத்திருந்தார்.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு ஊதினேன்.

அவர் திரும்பவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். முப்பத்தோரு வருடத்தில் இரண்டு நிமிடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை. பிறகு நடந்தார்.