கை காயட்டும்

“அம்மா... மூச்சு முட்டுதும்மா...”

கட்டிலில் கிடந்த கிழவர் கையை நீட்டினார். நிஜக் கிழவர் இல்லை. ஹெட்செட்டுக்குள் கம்ப்யூட்டர் காட்டும் நோயாளி. தெரிந்தும் அவளுக்குக் கால் பரபரத்தது.

நர்சிங் வகுப்பில் அவளுக்கு வைத்த பெயரே அவசரம்தான். யாராவது முனகினால் போதும், அடுத்த நொடி அங்கே நிற்பாள். இந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றதும் அதனால்தான். இரண்டு முறையும் கை சுத்தம் செய்யாமலே ஓடிப்போய்க் கிழவரைத் தொட்டிருந்தாள். கடைசியில் விளக்கு அணைந்ததும் தொட்ட இடமெல்லாம் பச்சை வெளிச்சம். அத்தனையும் கிருமி. தலையணை, ட்ரிப் குழாய், பக்கத்துக் கட்டில் குழந்தையின் கன்னம் வரை பச்சை. இன்றும் அது தெரிந்தால், நாளை மற்றவர்கள் வார்டுக்குப் போவார்கள். அவள் மட்டும் வகுப்பில் பெஞ்சைத் தேய்ப்பாள்.

“கை! கைடீ!” பின்னாலிருந்து அலறினாள் அவளுடைய உயிர்த்தோழி ஒட்டகம். பெயருக்கேற்ற உயரம். உள்ளே நடப்பது முழுதும் சுவர்த் திரையில் வகுப்புக்கே தெரிந்தது.

“பரீட்சையில பிட்டு குடுக்கறியா? வாயை மூடு!” என்றார் டியூட்டர் மேடம்.

அவசரம் சானிடைசரை அழுத்தினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு.

“அம்மா... வாம்மா...”

“இதோ வந்துட்டேன் தாத்தா. கையைத் தேச்சுட்டு வரேன், கோவிச்சுக்காதீங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையை அழவிட்டுப் பால் ஆற்றுகிற தாயைப் போல நெஞ்சு பதறியது. கட்டைவிரலையும் தேய்த்து முடித்தாள். கையுறையை மாட்டினாள். பிறகுதான் ஓடினாள். கிழவரை நிமிர்த்தி உட்கார வைத்து ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினாள். அவர் மூச்சு சீரானது.

அப்பாடா என்பதற்குள் பக்கத்துக் கட்டில் குழந்தை வீலென்று கத்தியது. பாதித் தூரம் போய்விட்டாள். சட்டென்று நின்றாள். அதே கையுறை!

உரித்துப் போட்டாள். மறுபடி சானிடைசர். மறுபடி கட்டைவிரல். புதுக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் குழந்தையைத் தூக்கினாள்.

வார்டில் விளக்கு அணைந்தது. பச்சை இருந்தால் இப்போது தெரியும். ஒரே இருட்டு.

“ஒரு பொட்டுகூட இல்லடீ!” கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கூச்சல். அவசரம் ஹெட்செட்டைக் கழற்றி மேடத்திடம் கொடுத்தாள். ஒட்டகம் பெஞ்சைத் தாண்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

“நில்லு!” அவசரம் கைகளை உயரத் தூக்கினாள். “காலையிலேர்ந்து அத்தனை பேரும் மாட்டுன ஹெட்செட்டு இது. நடுவுல யாராவது துடைச்சோமா?”

 அதை அடுத்தவள் தலையில் மாட்டப் போன மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருத்தி மெதுவாகத் தன் கன்னத்தைத் தடவப் போய், கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

சானிடைசர் பாட்டில் ஒட்டகத்திடம் வந்தது. இருவரும் எதிரெதிரே நின்று தேய்த்தார்கள்.

“போதும்டீ, கட்டிக்கறேன்.”

“காயட்டும். ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா?”

“இதை யாரு சொல்றா பாருங்க!”

ஈரக் கைகளைக் காற்றில் படபடவென்று அடித்தபடி, பறக்கத் துடிக்கும் இரண்டு குஞ்சுகளாக, இருவரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள்.