கம்பாவில் வைத்த கை

என் தொழில் மொழிபெயர்ப்பு. மன்னாருக்கு வெளிநாட்டுக்காரரோ கொழும்புக் கம்பனிக்காரரோ வந்தால் அவர்கள் பேசுவதைத் தமிழிலும், எங்கள் சனம் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்லிக் கொடுக்கிறவள். சண்டை முடிந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. சிரித்த முகத்தோடு ஆளைக் கவிழ்க்க ஆங்கிலத்தை விட்டால் வேறு மொழி இல்லை என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

முதலில் நாங்கள் 'ஐ.டி.பி.' ஆக இருந்தோம், அதாவது இடம்பெயர்ந்தவர்கள். பிறகு தகரமும் தறப்பாளும் தந்து 'பெனிஃபிஷரி', உதவி பெறுகிறவர், ஆக்கினார்கள். அந்தச் சொல்லில் பிச்சை வாடை அடிக்கிறதென்று யாரோ முகம் சுளிக்க, 'ஸ்டேக்ஹோல்டர்', உரித்துள்ளவர், ஆனோம். இப்போது 'பார்ட்னர்', பங்காளி. பேர்தான் ஏறிக்கொண்டு போகிறது, கூரையில் இருப்பது அதே தகரம். 'வித் டியூ ரெஸ்பெக்ட்', உரிய மரியாதையோடு, என்று ஒருவர் தொடங்கினால் அடுத்து வருவது அவமரியாதை. 'வீ ஹியர் யூ' என்றால், காதில் விழுந்துவிட்டது, இனி வாயை மூடு என்று பொருள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்தச் சொற்களுக்கு இந்தக் கருத்து இருக்கவில்லை.

போன பங்குனியில் ஒரு ஹோட்டல் கம்பனி எங்கள் கரைக்கு வந்தது. என் சித்தப்பா அருளப்பு கரைவலை வளைக்கிற கடற்கரைதான் அவர்களுக்கு வேண்டுமாம். சித்தப்பா வலைச் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். அவருக்கு அனுமதி உள்ள அந்த ஒரு துண்டுக் கரையில்தான் அவர் வலை வளைக்கலாம். அது போனால் வலையைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு அடுத்தவனிடம் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

வலை வைக்கிற ஓலைக் கொட்டிலான வாடியின் நிழலில் கூட்டம் நடந்தது. எல்லாரையும் 'ஒன் போர்ட்' எடுக்க ஆசை என்றார் மனேஜர், அதாவது எல்லாரும் சம்மதித்துச் சேர வேண்டுமாம். எனக்கு எரிச்சல். வேண்டுமென்றே சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

"எல்லாரையும் தோணியில ஏத்தப் போறாராம், சித்தப்பா."

"எங்கட தோணியிலயோ, தன்ர தோணியிலயோ எண்டு கேள், பிள்ளை."

சனம் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மனேஜரும் சிரித்தார். பிறகு சித்தப்பா சிரிப்பை விட்டுவிட்டு, "கரையைத் தர ஏலாது. இதில கதைக்க ஒண்டும் இல்லை எண்டு சொல்லு" என்றார். ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன். 'வீ ஹியர் யூ' என்றார் மனேஜர்.

அந்த நேரம் வலை கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மனேஜர் காற்சட்டையை மடித்துக்கொண்டு போய், சனத்தோடு சனமாக வலையை இழுக்கிற கம்பாக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கூட வந்தவன் படம் எடுத்தான். மீன் சேர்ந்த வலைமடி கரையேறியதும் சித்தப்பா ஒரு பாரை மீனை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"இந்தாளுக்கும் ஏன் சித்தப்பா?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"கம்பாவில கை வச்சவனுக்குக் கறிமீன் குடுக்காமல் விடேலாது. சண்டைக்குள்ள எங்களைக் காவல் காத்த ஆமிக்காரனும் ஒரு நாள் கை வச்சவன். அவனுக்கும் குடுத்தனான்."

வலை இழுக்கக் கை கொடுத்தவருக்கு வீட்டுக் கறிக்கு மீன் கொடுப்பது எங்கள் கரையின் வழக்கம். வந்தவன் யார், எதற்கு வந்தான் என்று கேட்பதில்லை.

ஆடியில் நகரத்து மண்டபம் ஒன்றில் அதிகாரிகள் முன்னால் கடைசிக் கூட்டம். ஒலிவாங்கி என் கையில். திரையில் பெரிதாக அந்தப் படம் விழுந்தது. பாரையை நீட்டுகிற சித்தப்பாவும் பல்லெல்லாம் தெரிய அதை வாங்குகிற மனேஜரும். மனேஜர் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும். சித்தப்பா முன்வரிசையில் இருந்தார்.

"இந்தக் கரை மக்கள் தங்கள் பங்கை எங்களோடு பகிர்ந்துகொண்டார்கள். 'பெனிஃபிட் ஷெயரிங்', பலனைப் பங்கிடுவது, ஏற்கெனவே தொடங்கிவிட்டது. இதைவிடப் பெரிய சம்மதம் என்ன வேண்டும்?"

இதைச் சித்தப்பாவுக்கு முன்னால் என் வாயால் தமிழில் சொன்னேன்.

சித்தப்பா எழும்பினார். "அது கறிமீன், ஐயா. கை வச்சதுக்குக் குடுத்தது. கரையைக் குடுக்கேல்ல."

கறிமீனுக்கு ஆங்கிலம் தேடினேன். 'கிஃப்ட்' என்றாலும் 'ஷெயர்' என்றாலும் மனேஜருக்குத்தான் வாய்ப்பு. உதவிய கைக்குக் கொடுக்கும் மீன் அது, அதற்கும் கரைக்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கமாகவே சொன்னேன்.

'எக்ஸாக்ட்லி' என்றார் அவர். "நாங்கள் உதவினோம், அவர்கள் தந்தார்கள். அதற்குப் பெயர்தான் பார்ட்னர்ஷிப்."

பொறுக்க முடியவில்லை. முதல் கூட்டத்திலேயே கரையைத் தர முடியாது என்று இவர் சொன்னார், அதை மொழிபெயர்த்தவள் நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

'வித் டியூ ரெஸ்பெக்ட், மிஸ் ஜெனிற்றா,' உங்கள் வேலை மொழிபெயர்ப்பது மட்டும் என்றார். அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். கரை போய்விட்டது.

வேலிக்கான கொங்கிரீட் தூண்கள் வந்து இறங்கிய பிறகு சித்தப்பா கடைசியாக ஒரு முறை வலை வளைத்தார். நானும் போனேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பாவைப் பிடித்து, உள்ளங்கை உரிய உரிய இழுத்தேன். மடி கரையேறியது. சித்தப்பா வரிசையாக எல்லாருக்கும் கறிமீன் கொடுத்துக்கொண்டு வந்தார். வழியால் போன பக்கத்து ஊர்த் தாராபுரத்து ஹுசைனும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து கை கொடுத்திருந்தான். அவனுக்கும் இரண்டு பாரை.

என் முன்னால் வந்து நின்றார்.

"நானும் கை வச்சனான், சித்தப்பா."

"ஓம், கண்டனான். உனக்குத் தந்தால், என்ன தந்தது எண்டு சொல்லுவாய்?"

"கறிமீன் எண்டுதான்."

"அண்டைக்கு நானும் அதைத்தானே பிள்ளை சொன்னனான். பங்கு, சம்மதம் எண்டு சொன்னது உன்ர வாயெல்லோ."

அவ்வளவுதான். கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு என்னைக் கடந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் கரையில் கம்பாவில் கை வைத்து வெறுங்கையோடு போன முதல் ஆள் நான்தான்.