பனிக்கு எவ்வளவு நீலம்

முன்சக்கரம் ஏறி இறங்க, எலுமிச்சம்பழம் பட்டென்று வெடித்து இரண்டு பக்கமும் சாறு தெறிக்கிறது, என் பட்டுச்சேலைக் கரையில்கூட ஒரு சொட்டு, பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் எட்டிப் பார்க்கிறேன், அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தெறிச்சிருக்கு பாத்தியா, இனி இந்த வண்டிக்கு ஒண்ணும் வராது என்கிறார், கல்யாணமான வருஷம் அது, சிவகாசியில் அச்சாபீஸில் மெஷின்மேனாகச் சேர்ந்து அவர் முதன்முதலாக வாங்கிய வண்டி, எங்கே போகிறோம் என்று நான் கேட்கக்கூட இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்தது, கடைசியில் திருத்தங்கல் கோயிலுக்குப் போனோம், பிறகு சாத்தூர், விருதுநகர், ஒருமுறை குற்றாலம், அவ்வளவுதான் எங்கள் உலகம், வண்டிக்கு ஒன்றும் வரவில்லை, வந்ததெல்லாம் அவருக்குத்தான்.

ஆடி போனால் அச்சாபீஸில் காலண்டர் அச்சு ஓட ஆரம்பிக்கும், அவர் விரலிடுக்கில் மையோடு வீட்டுக்கு வருவார், கழித்துப்போட்ட தாள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து சுவரில் ஒட்டுவார், சாமி படம் அல்ல, குழந்தை படம் அல்ல, எப்போதும் காலண்டரில் வருகிற பனிமலைதான், பனின்னா வெள்ளைன்னு நெனைக்காத, வெறும் வெள்ளையா விட்டா அது சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம் ஏத்தணும், எவ்வளவு ஏத்தணும்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது, ஏன்னா ஒருத்தனும் நேர்ல பாத்ததில்ல என்று சிரிப்பார், நானும் சிரிப்பேன், மழையையே வாய்பிளந்து பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு இவருக்குப் பனி கேட்கிறது என்று கேலி செய்வேன், அந்த வாயை இப்போது நினைத்தால் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது, ஏனென்றால் பிறகொரு வருஷம் அச்சில் அந்த மலை முழுக்கப் பச்சையேறி ஓடிவிட்டது, கட்டுக்கட்டாகப் பாசி பிடித்த பனி, இவர் மட்டும் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கிறது என்று நின்றாராம், முதலாளி ஏசவில்லை, மெஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, மாரீஸ், மதுரைக்குப் போயி கண்ணக் காட்டிட்டு வா என்றாராம். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, இதற்கு மருந்து இல்லை, பார்க்க ஆசைப்பட்டதை எல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார், அந்தப் பொறுமைதான் பயமாக இருந்தது, திரும்பி வரும்போது கள்ளிக்குடி தாண்டியதும் பஸ் ஜன்னலோரம் இருந்து இவர், பனியப் பாத்துரணும் என்றார், ரயிலில் போவோம் என்றேன், ரயில்ல என்னத்தப் பாக்க, அது நிக்கிற இடத்துலதான் நாம பாக்க முடியும், நம்ம வண்டியில போவம், நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்து பாத்துக்கிட்டே வாரேன் என்றார்.

அப்படித்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில், சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறி, முழங்காலெல்லாம் சிராய்த்து, இவர் ஓரத்தில் நின்று, கிளச்ச மெல்ல விடு, கோழிய விட்ட மாதிரி படக்குனு விடாத என்று கத்துகிறார், நான் விழுகிறேன், எழுகிறேன், விழுகிறேன், ஓட்ட வந்தபிறகு ஒருநாள் அழுதுகொண்டே அந்தப் பொட்டலைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஏனென்றால் நான் தேறத் தேற அவர் கண் மங்கிக்கொண்டே போனது, இரண்டும் ஒரே பாதையில் எதிரெதிராக வருவது போல இருந்தது. இவருடைய அக்கா பொன்னுத்தாய் மதினி வந்து பார்த்துவிட்டு, இத்தன நாள் விட்டுட்டு இப்பப் போயி, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று வாய்தவறிச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள், இவர்தான் பெரிதாகச் சிரித்தார், நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். சாமான் சேர்க்க ஆரம்பித்தோம், பின்னால் பைகள் தொங்க இரும்புச் சட்டம் பற்றவைத்தாயிற்று, எனக்கு ஆண்பிள்ளை பூட்ஸ், உள்ளே இரண்டு சாக்ஸ் போட்டால்தான் நிற்கிறது, பழைய கிளச் கேபிளோடு சேர்த்தே புதிதாக ஒன்றையும் ஓட்டிக் கட்டிவைத்தார், வழியில அறுந்தா முனைய மட்டும் மாட்டுனாப் போதும், செயினை விரலால் தூக்கிப் பார்த்துத் தொய்வு சொன்னார், ஸ்போக்கைச் சுண்டிச் சத்தத்தில் தளர்ச்சி கண்டுபிடித்தார், கெட்டிக்காரர்தான் என்று நான் பெருமைப்பட்டேன், பெருமைதான் பட்டேன், எல்லாம் விரலிலும் காதிலும்தானே, கண் எதிலும் போகவில்லையே என்று யோசிக்கவில்லை.

இல்லை, யோசித்தேன், சுவருக்கு வெள்ளையடிக்க அந்தப் பனிமலையைக் கிழித்து எடுத்திருந்தேன், ஆணிகூட இல்லை, வெறும் சுவர், இவர் துணியில் கையைத் துடைத்தபடி அதற்கு முன்னால் நின்று, நீலம் கொஞ்சம் கூடித்தான் போச்சு, என்ன சொல்ற என்றார், கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆமாங்க, கூடித்தான் போச்சு என்றேன், கேலிக்குச் சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒரே ரோடு, இரண்டு பக்கமும் வெள்ளை, மை படாத தாள் போல வெள்ளை, நான் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன், ஏங்க, தெரியுதா, தெரியுதா என்று கேட்கிறேன், பின்னாலிருந்து, நீலம் எவ்வளவு இருக்கு, நீ சொல்லு என்கிறார், எனக்கு நீலம் அளக்கத் தெரியாது, நான் வாழ்நாள் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் காட்டியதைப் பார்த்தவள், எனக்கு என்ன தெரியும், அது கனவா, இனிமேல் நடக்கப்போவதா என்று புரியாமல் விடிந்துவிடுகிறது, விடிந்ததும் அவர் பல் துலக்கிக்கொண்டே, இன்னும் நாலு நாள்ல கெளம்பிறலாம் என்கிறார்.

இதோ கிளம்பியாயிற்று, வாசலில் வண்டி, நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன், பைகள் இரண்டு பக்கமும் புடைத்திருக்கின்றன, மதினி சூடம் ஏற்றிச் சுற்றிவிட்டு எலுமிச்சம்பழத்தைக் குனிந்து வைக்கப் போகிறாள், குடு, நான் வைக்கிறேன், எப்பவும் நான்தான வைப்பேன் என்று இவர் வாங்கிக்கொள்கிறார், ஒரு கையால் மட்காடைத் தடவிக் குனிந்து, பழத்தைத் தரையில் வைத்து, நிமிர்ந்து, திருப்தியாகக் கையைத் தட்டிக்கொள்கிறார், பழம் சக்கரத்தடியில் இல்லை, ஒரு சாண் தள்ளி இடதுபக்கம் வெயிலில் மஞ்சளாகக் கிடக்கிறது, மதினி என்னைப் பார்க்கிறாள், முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள், அவர் சட்டத்தைப் பிடித்து ஏறி என் பின்னால் உட்கார்ந்து, ம், எடு என்கிறார். எதற்கு எடுக்க, யாருக்காக இனிப் பனி, இறங்கி இந்தப் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழலாம், ஆனால் நான் இறங்கினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும், இத்தனை நாளும் எனக்காக அவர் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் பொய்யாகிவிடும், கிளச்சை மெல்ல விடுகிறேன், சக்கரம் உருள்கிறது, பழத்தைத் தொடாமல் தாண்டுகிறது, தோளில் அவர் கை இறுகுகிறது, சத்தத்தையே காணோமே என்கிறார், பிரேக்கைப் பிடிக்கிறேன், இடது காலை நீட்டிப் பழத்தின்மேல் பூட்ஸை வைத்து முழுப் பலத்தையும் கொடுத்து மிதிக்கிறேன், பட்டென்று வெடிக்கிறது, சாறு முழுக்க என் காலடியில் ஒரே பக்கமாக வழிகிறது, பின்னாலிருந்து அவர் எட்டிப் பார்க்கிறார், அன்றைக்கு நான் எட்டிப் பார்த்தது போலவே, பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தெறிச்சிருக்கு பாத்தியா என்கிறார், ஆமாங்க என்று சொல்லிக் கியரைப் போடுகிறேன்.