டாக்டர் பெல்நாப்பின் கட்டைவிரல்

ஆஸா டில்லட்டுக்குக் காப்பி இறங்கவில்லை என்று அவன் மைத்துனன் வந்து சொன்னபோதே டாக்டர் ஹொரேஸ் பெல்நாப்புக்கு விஷயம் விளங்கிவிட்டது. கான்சாஸ் சமவெளியில் அந்த ஆற்றங்கரை நெடுக அவர் ஒருவர்தான் டாக்டர். பனி உருகிய நாட்களில் டில்லட்டின் ஆட்டுப்பட்டியில் புகுந்த ஓநாய் அவன் முன்கையைக் கடித்துக் குதறியிருந்தது. புண்ணைக் காய்ச்சிய கம்பியால் சுட்டு ஆற்றியவர் பெல்நாப்தான். என்னைக் கடித்து அந்த ஓநாய்க்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கும் என்று அப்போது டில்லட் சிரித்தான். புண் ஆறியது. உள்ளே போனது ஆறவில்லை.

டாக்டர் போய்ச் சேர்ந்தபோது அந்த மண்கட்டி வீட்டுக்குள் நான்கு பேர் டில்லட்டைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். வெளியே யாரோ வாளியைக் கீழே வைத்த சத்தத்துக்கே அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. வாயோரம் எச்சில் நுரைத்து வழிந்தது. அவன் மனைவி மெலிசா சுவரோடு ஒட்டி நின்றாள். இந்த வெறிநோய்க்கு மருந்து என்று அன்றைக்கு உலகத்தில் எதுவும் கிடையாது. டாக்டரால் முடிந்தது வலியை மழுங்கடிப்பது ஒன்றுதான்.

மார்ஃபின் ஊசியோடு குனிந்தார். அந்த நேரம் பார்த்து வலிப்பு வந்தது. அவன் தலையைத் திருப்பிப் பிடித்திருந்த அவருடைய இடதுகைக் கட்டைவிரலின் அடிச்சதையில் டில்லட்டின் பற்கள் இறங்கின. ஒரு நொடிதான். பிடித்திருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் கையை உருவிக்கொண்டு, ஊசியைப் போட்டு முடித்துவிட்டுக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார்.

மருந்து ஏறியதும் டில்லட்டுக்குக் கொஞ்ச நேரம் தெளிவு வந்தது. அவன் டாக்டரைத்தான் தேடினான்.

"டாக்டர், நான் யாரையாச்சும் கடிச்சிட்டேனா?"

"இல்லப்பா. யாரையும் கடிக்கல."

"நெசமாவா? மெலிசாவ?"

"அவ பக்கத்துலயே வரல. நீ நிம்மதியா இரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்று மாலை வெளிச்சம் போவதற்குள் உயிர் போய்விட்டது.

திரும்பும் வழியில் ஆற்றுத் துறையில் டாக்டர் வண்டியை நிறுத்தினார். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, பெட்டியிலிருந்த இரும்புக் கம்பியைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, கடிவாய்க்குள் விட்டுத் திருகினார். அலறலைக் கேட்க ஆள் இல்லை. குதிரை மட்டும் மிரண்டு ஒதுங்கியது. கடித்தபின் எவ்வளவு நேரம் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும். டில்லட்டின் கையையும் இதேபோல்தான் சுட்டார் என்பதும் தெரியும்.

மனைவி லவினியாவிடம், டில்லட் வீட்டு அடுப்பில் கை பட்டுவிட்டது என்றார்.

அதன்பிறகு அவர் நடமாடினாரே தவிர, வாழவில்லை. இந்த நோய் சிலருக்குச் சில வாரங்களில் வரும், சிலருக்குப் பல மாதம் பதுங்கியிருந்து வரும். அதைப் படித்திருந்ததே அவருக்கு எமனாயிற்று. தழும்பு அரித்தால், தொடங்கிவிட்டதோ என்று விளக்கடியில் வைத்துப் பார்ப்பார். காற்று முகத்தில் அடித்தால், டில்லட்டுக்குப் போல் தொண்டை இழுக்கிறதா என்று நின்று பார்ப்பார். தினமும் விடிந்ததும் கிணற்றடிக்குப் போய், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பார். இறங்கியபின்தான் அன்றைய நாள் தொடங்கும்.

தன் குவளையைத் தனியாக வைத்துக்கொண்டார். மருந்தறையிலேயே படுத்தார். மகள் எஃபி மடியில் ஏற வந்தால் வேலை இருக்கிறதென்று எழுந்துவிடுவார். வைத்தியத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. நோயாளியின் வீட்டில் வைத்து வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடேதான் ஒவ்வொரு வாசற்படியையும் மிதித்தார்.

லவினியா வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள். "என்னப் பாக்கவே புடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க டாக்டர். எங்கம்மா ஊருக்குப் போயிர்றேன்" என்றாள் ஒருநாள். ஊரே அவரை டாக்டர் என்றதால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் மருந்துப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்படியே போய்விட்டாலும் நல்லதுதான் என்றுகூட நினைத்தார்.

சோள அறுவடை சமயத்தில் ஒரு காலை, கிணற்றடியில் தண்ணீர் இறங்கவில்லை.

தொண்டைக்குள் இறுக்கிப் பிடித்தது. குடித்தது மூக்கு வழியாக வந்தது. தாடையைத் திறக்க முடியவில்லை, எச்சில் தானாக வழிந்தது. வாளியை விட்டுவிட்டு நேராக அடுக்களைக்குப் போய், எஃபியை வெளியே அனுப்பிவிட்டு, லவினியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பேச்சு குழறியதால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

"சோளக் கிடங்குல போய் இருக்கேன். வெளிய பூட்டிரு. நான் என்ன கெஞ்சினாலும் தொறக்காத. கட்டுறதுக்கு நாலு ஆளக் கூப்பிட்டு வச்சுக்க."

அவள் அழவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மரச்சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அடித்த கிடங்கு அது. உள்ளே அவர் சோளக் குவியல்மேல் சுருண்டு கிடந்தார். வெளியே அவள் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். எஃபியை அண்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். ஆட்களைக் கூப்பிடவில்லை. மறுநாள் காய்ச்சல் ஏறியது. டில்லட் கேட்டதையே இவரும் கேட்க நேருமோ, அப்போது லவினியா என்ன சொல்வாள் என்ற நினைப்பு அவரை அரித்தது.

அன்று பிற்பகல் தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது. வாய் நிறையக் கசப்பும் நாற்றமும் வந்தன. துப்பினார். சீழும் ரத்தமும். இன்னும் துப்பினார். வலி தண்ணீர் வடிவதுபோல் வடிந்தது. எத்தனையோ தொண்டைகளில் கத்தி வைத்துக் கீறிவிட்ட சாதாரணச் சீழ்க்கட்டி. தன் தொண்டையைக் கண்ணாடியில் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"லவினியா, கட்டிதான். வெறும் கட்டிதான் உடைஞ்சிருக்கு. கதவத் தொற."

அவள் எழுந்து வந்தாள். சாவி கையில் இருந்தும் பூட்டைத் தொடவில்லை. கெஞ்சினாலும் திறக்காதே என்று அவர் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. கண்களில் அவரைப் பார்த்த பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. கிணற்றுக்குப் போய் ஒரு குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து சட்டங்களுக்கு நடுவே நீட்டினாள்.

"குடிச்சுக் காட்டுங்க."

அவர் மெதுவாகக் குடித்தார். வலித்தது, ஆனால் இறங்கியது. குவளையைக் கவிழ்த்துக் காட்டினார்.

பூட்டைத் திறந்தவள் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. மார்பில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா நீயும் பயப்படுவன்னு..."

"பயந்துட்டுப் போறேன். ஒத்தைல பயந்து என்னத்தக் கண்டீங்க?"

அவள் அவருடைய இடதுகையை இழுத்து, அந்தத் தழும்பை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, இன்னும் வர வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டாள். அவரால் பொய் சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்றார்.

அவள் அந்தக் கையை விடவில்லை. எஃபியை அழைத்துவர இருவருமாகவே நடந்தார்கள்.