தெரியாது என்று சொல்லப் பழகியது

மத்தியானம் மூன்று மணிக்கு என் மனைவி கூப்பிட்டபோது நான் ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் வேலையில் மனிதனின் பொறுமையைச் சோதிக்கும் இடம் அது. தோள் வளைவில் துணி ஒரு நூல் கூடினாலும் கை உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் முதல் இரண்டு அழைப்புகளை விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை அடித்ததும் எடுத்தேன்.

“ஏங்க, பாலத்துக்குக் கீழ இருக்கிற வளைவு வரைக்கும் கொஞ்சம் போய்ப் பாத்துட்டு வர்றீங்களா?”

“என்ன பாக்கணும்?”

“யாராவது விழுந்து கெடக்குறாங்களான்னு.”

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். இதுவரை ஒரு நாய்க்குட்டிகூட அவள் சக்கரத்தில் மாட்டியதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. பாலத்துக்குக் கீழே வளைவில் லாரி ஏறி நசுங்கிய ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. பக்கத்தில் ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். குனிந்து சாக்கடை ஓரமெல்லாம் தேடிய என்னைப் பார்த்து, “சாவிய தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“ஒண்ணும் இல்லமா. வெறும் அட்டைப்பெட்டி.”

“சாக்கடைப் பக்கம் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுமுனையில் அவள் மூச்சை விட்டாள். கட்டியிருந்த மூட்டையை யாரோ தலையிலிருந்து இறக்கி வைத்ததுபோல ஒரு மூச்சு. உண்மையைச் சொன்னால், அந்த மூச்சைக் கேட்பதற்காகத்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன். கடைக்குத் திரும்பி ஊசியில் நூலைக் கோத்து முடிப்பதற்குள் மறுபடி அழைப்பு வந்தது. “அட்டைப்பெட்டிக்குக் கீழ பாத்தீங்களா?”

இது எப்படித் தொடங்கியது என்று பலர் கேட்டார்கள். ஏதாவது விபத்தைப் பார்த்தாளா, யாராவது இறந்துபோனார்களா என்றெல்லாம். அப்படி ஒன்றும் இல்லை. ஒருநாள் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ‘இது ஒரு ஆளா இருந்தா?’ என்று ஒரு எண்ணம் வந்தது. யாருக்கும் வரக்கூடியதுதான். மற்றவர்களுக்கு அது வந்த வழியே போய்விடும், இவளிடம் குடியேறிவிட்டது. முதலில் பக்கவாட்டுக் கண்ணாடியை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு பணி முடிந்ததும் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் ரத்தம் இருக்கிறதா என்று தேடினாள். பிறகு ஓட்டி வந்த வழியெல்லாம் நடந்துபோய்ப் பார்த்தாள். செய்தித்தாளில் விபத்துச் செய்திகளை மட்டும் படித்தாள். அதுவும் போதாமல் போனபோது நான் வந்தேன். தன் கண்ணை நம்பாதவள் என் கண்ணை நம்பினாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

நான் இப்படி ஓடத் தொடங்கிய நான்காவது மாதம், முப்பத்தெட்டுப் பயணிகளோடு போய்க்கொண்டிருந்த பேருந்தை ரவுண்டானாவில் முழுச் சுற்றுச் சுற்றி, வந்த வழியே இரண்டு நிறுத்தம் திருப்பிக்கொண்டு போனாள். பயணிகள் கத்தினார்கள். ஒருவர் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தாராம். டிப்போ மேனேஜர் அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. “அக்கா, உங்கள வேலைய விட்டு அனுப்பல. ஆனா டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் இனிமே ஸ்டியரிங்கைத் தொட விடுவேன்” என்றார். அதற்குள் டிப்போவில் அவளுக்கு ‘ரிட்டர்ன் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவளே சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினாள்.

என் அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். “இந்த டிரைவர் வேலையே வேணாம்பா. நீ வெட்டு, அவ பட்டன் கட்டட்டும். வீட்டோட இருந்தா எல்லாம் சரியாயிடும்.”

“அண்ணி, எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. வண்டி ஓட்டத்தான் வரும். அத நான் விட மாட்டேன். வேற என்ன வேணா செய்யச் சொல்லுங்க, செய்யறேன்” என்றாள் இவள். குரல் உயரவில்லை. அக்கா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று, “என் பழைய கார் சும்மாதான் நிக்குது. வேணும்னா எடுத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னாள்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும் என்று சொல்லி மாடியிலிருந்த ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மூலையில் திருத்தாத விடைத்தாள் கட்டுகள். அந்த அம்மா காலையில் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு உளவியல் நடத்துகிறவர். கால்மணி நேரம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“இதுக்கு ஓ.சி.டி.ன்னு பேரு. சந்தேகம் வர்றது நோய் இல்ல. எனக்கும் வரும், கீழ இருக்கிற டாக்டருக்கும் வரும். அத நூத்துக்கு நூறு தீத்துட்டுத்தான் அடுத்த வேலைன்னு அடம்பிடிக்கிறோம் பாருங்க, அதுதான் நோய். நீங்க ஒவ்வொரு தடவ திரும்பிப் போய்ப் பாக்கறப்பவும் அதுக்குத் தீனி போடறீங்க.” என் பக்கம் திரும்பினார். “சார், நீங்கதான் அதுக்கு மூணு வேளையும் சமைச்சுக் குடுக்கறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நான்கு மாதமாக வேலையைப் போட்டுவிட்டு ஓடியவன் நான்.

சிகிச்சை கேட்க எளிமையாக இருந்தது. பயப்படும் விஷயங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பயம் நூறுக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டு, அது தானாக இறங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என் பங்குக்கு ஒரே ஒரு வார்த்தை. ‘யாரையாவது இடிச்சேனா?’ என்று அவள் கேட்டால் நான் ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டும்.

“இவரு தெரியாதுன்னு சொன்னா நான் எப்படிங்க வண்டி ஓட்டறது?”

“தெரியாமத்தான். நாங்க எல்லாரும் அப்படித்தானே ஓட்டறோம்” என்றார் ஆலோசகர். “நெஜமாவே ஒருத்தர் அடிபட்டா உங்களுக்குச் சந்தேகம் வராது. கூட்டம் வரும்.”

அக்காவின் காரில் தொடங்கினோம். முதல் நாள், சந்தைக்குப் பக்கத்திலிருந்த வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினாள். உதடு வெளுத்திருந்தது.

“ஏங்க, இடிச்சேனா?”

“தெரியாது.”

“நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

“தெரியாதுமா.”

ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தாள். அழுதாள். உங்களுக்கெல்லாம் நெஞ்சு இருக்கா, கல்லு இருக்கா என்று கேட்டாள். ஐம்பது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்று கடையில் ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

நான் ஒரு தடவை தோற்றேன். இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பி, “ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க, இனிமே கேக்கவே மாட்டேன்” என்றாள். இருபது வருடத்தில் அவள் என் முன்னால் கைகூப்பியதில்லை. “இல்லமா, யாரையும் இடிக்கல” என்று சொல்லிவிட்டேன். அந்த மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. மறுநாள் ஒன்பது தடவை கேட்டாள்.

அடுத்த சந்திப்பில் அவளே ஆலோசகரிடம் அதைப் போட்டு உடைத்தாள். வெளியே வந்து படியில் என்னை நிறுத்தினாள். “நான் கெஞ்சினாலும் சொல்லாதீங்க. உங்க கால்ல விழுந்தாலும் சொல்லாதீங்க. அப்படிக் கேக்கறது நான் இல்ல. புரியுதா?” புரிகிறது என்றேன். அப்போது அவள் முகம் முதன்முதலாகப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன நாளில் இருந்ததுபோல இருந்தது. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் விடவில்லை. வேகத்தடை முடிந்து பள்ளம், பள்ளம் முடிந்து சந்தைத் தெரு, சந்தைத் தெரு முடிந்து பள்ளிக்கூடம் விடும் நேரம். போகிற நாளெல்லாம் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. நாற்பதுக்கு வந்த பயம் அடுத்த நாள் எண்பதுக்கு ஏறும். “ஏறட்டும், எனக்கென்ன” என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொல்வாள்.

மூன்றாவது மாதம் ஆலோசகர் ஒன்று கேட்டார். அவர் வகுப்பில் மனநலக் கோளாறுகளும் சிகிச்சைகளும் என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள், மனிதரைப் பார்த்ததில்லை, வந்து பேச முடியுமா என்று. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இவள், “எத்தன மணிக்கு வரணும்?” என்றாள்.

கல்லூரிக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போனோம். இருபக்கமும் வண்டிகளை நிறுத்தி, கார் போகச் சரியாக இடம் விட்டிருந்தார்கள். பாதிச் சந்தில் என் பக்கமாக ‘டப்’ என்று ஒரு சத்தம். எனக்கும் கேட்டது. இத்தனை மாதத்தில் எனக்கும் கேட்ட முதல் சத்தம். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடி வரவில்லை. என் கையெட்டும் தூரத்தில் பக்கவாட்டுக் கண்ணாடி இருந்தது. நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கியரை மட்டும் மாற்றினாள். நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்க் கல்லூரியில் நிறுத்தினாள்.

வகுப்பில் அறுபது பேர் இருப்பார்கள். ஆலோசகர் அறிமுகம் செய்து முடிப்பதற்குள் இவள் சாக்பீஸை எடுத்துப் பலகையில் 90 என்று எழுதினாள்.

“இது என் பயம். இப்ப, இந்த நிமிஷம். வர்ற வழியில ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் ஒரு ஆள இடிச்சுட்டேன்னு என் தலைக்குள்ள ஒருத்தர் கத்திட்டே இருக்காரு. அவரு கத்தட்டும். நான் உங்ககிட்ட பேசறேன். நடுவுல நடுவுல இந்த நம்பர மாத்தி எழுதறேன், நீங்களே பாருங்க.”

பேசினாள். வளைவு, அட்டைப்பெட்டி, ரவுண்டானா எல்லாவற்றையும் சொன்னாள். ரிட்டர்ன் அக்கா என்றதும் வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். இடையில் திரும்பி 90ஐ அடித்துவிட்டு 85 என்று எழுதினாள். ஒரு பையன், “வேற யாரையாவது போய்ப் பாக்கச் சொல்லியிருக்கலாமே?” என்றான். “அதுக்குத்தான் ஒருத்தர வச்சிருந்தேன்” என்று கடைசி பெஞ்சில் இருந்த என்னைக் காட்டினாள். அறுபது தலைகளும் திரும்பின. எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

அதுவரை எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கை தூக்கினாள். “மேடம், ஒருவேள நெஜமாவே யாராவது அடிபட்டிருந்தா?”

ஆலோசகர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆனால் குறுக்கே வரவில்லை. என் மனைவி அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறை முழுக்க மூச்சு விட்டிருக்கும்.

“இருக்கலாம்” என்றாள்.

பலகைக்குப் போய் 95 என்று எழுதினாள். சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நிச்சயமா தெரியணும்னு காத்திருந்தா நான் என் வீட்டு வாசப்படிய தாண்ட முடியாதுமா. வண்டிய ஒழுங்கா ஓட்டறது என் பொறுப்பு. அத செய்யறேன். மிச்சத்த சுமந்துக்கிட்டுப் போறதுக்குத்தான் இப்ப பழகறேன்” என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினாள். எழுதியதை மறுபடி மறுபடி அடித்துத் திருத்தினாள். அதை ஆலோசகரும் கவனித்தார்.

பிறகு வேறு கேள்விகள். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வருமா, வண்டி ஓட்டலாமா, இது முழுசாகப் போய்விடுமா. தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். மற்றதை டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். பலகையில் 80 வந்தது, மறுபடியும் 80 வந்தது, மணியடிக்கும்போது 55 என்று இருந்தது. பூஜ்யம் வரவில்லை. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டே பைகளை எடுத்தார்கள்.

திங்கட்கிழமை டிப்போவில் மேனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை ஆலோசகர் உறையில் போட்டுக் கொடுத்தார். வண்டியில் ஏறியதும், “முன்பக்கமா ஒரு வழி இருக்கு” என்றேன்.

“வீட்டுக்குப் பக்கம் எது?”

“சந்துதான்.”

“அப்ப சந்துலயே போவோம். பாக்கறதுக்காகப் போகல. பயந்து சுத்திக்கிட்டும் போகல.”

சந்துக்குள் இரண்டாவது கியரில் நுழைந்தாள். அந்த இடம் நெருங்க நெருங்க என் கழுத்து நரம்பு வலப்பக்கமாக இழுத்தது. நான்கு மாதம் தேடித் தேடிப் பழகிய கழுத்து. பல்லைக் கடித்துக்கொண்டு முன்கண்ணாடியை மட்டும் பார்த்தேன். எதிரே ஒரு பெண்மணி, காய்ந்த துணிகளைக் கழுத்துவரை அள்ளிக்கொண்டு, கால் வைக்கும் இடம் தெரியாமல் சந்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு துண்டு நழுவி விழுந்தது. என் மனைவி பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அந்தப் பெண்மணி மெதுவாகக் குனிந்து, துண்டை எடுத்து உதறி, மேலே போட்டுக்கொண்டு நடந்தார். அவர் எதிர் வாசலில் ஏறும்வரை என் மனைவி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.