அறுபத்தேழு

"வகிடு அந்தப் பக்கம் இல்லடி, இடப்பக்கம். கேமராவுல அதுதான் எடுப்பா இருக்கும்னு சொல்லுவாரு," என்றாள் அம்மா.

மகள் சீப்பை மாற்றிப் பிடித்து அப்பாவின் தலையை மறுபடி வாரினாள். கூடத்தின் நடுவே கிடத்தியிருந்த அவருக்கு, செய்தி வாசிக்கப் போடும் நீலச் சட்டையையே போட்டுவிட்டிருந்தார்கள். இருபத்தாறு வருடமாக உள்ளூர்த் தொலைக்காட்சியில் மாலை ஆறரை மணிச் செய்தி என்றால் அவர்தான். போன வாரம் வரைக்கும் வாசித்தார்.

காலையிலிருந்து அம்மா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். "உள்ள படுத்திருக்காரு, போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் போய்விட்டார் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் மகளுக்குப் பயமாக இருந்தது.

மாலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. அப்பாவிடம் தொழில் கற்று, இந்த ஒரு வாரமாக அவர் இடத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பெண். காலையில் வந்து அவர் காலடியில் தேம்பிவிட்டுப் போனவள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சாரோட இரங்கல் செய்திய நான்தான் வாசிக்கணும். வீட்டு ஆளுங்க வாயால கேக்காம எப்படிக்கா..."

அது அப்பா போட்ட சட்டம். ஒருமுறை யாரோ சொன்னதை நம்பி, உயிரோடிருந்த பேருந்து நடத்துனர் ஒருவருக்கு இரங்கல் வாசித்துவிட்டார். மறுநாள் மனிதர் நேரே நிலையத்துக்கு வந்து நின்றார். "உசுரோட இருக்கேன், அது போகட்டும் சார். வயசுல எட்டு வருஷம் கூட்டிட்டீங்களே!" அன்றிலிருந்து, வீட்டுக்கே போன் போட்டு, போனது உண்மையா, வயது என்ன என்று கேட்காமல் அப்பா இரங்கல் தாளைத் தொடமாட்டார்.

"நீதான் காலைல வந்து பாத்தியே," என்றாள் மகள்.

"பாத்தேன்க்கா. ஆனா சட்டம்..." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

மகள் வாயைத் திறந்தாள். போனைக் காதிலிருந்து இறக்கினாள். அம்மா கையை நீட்டினாள். கொடுக்கலாமா என்று மகள் தயங்குவதற்குள் போன் அவள் கைக்குப் போய்விட்டது.

"கேளும்மா."

அந்தப் பெண் கேட்டாள். அம்மா கூடத்தின் நடுவே ஒருமுறை பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"இன்று காலை ஐந்தே முக்கால் மணிக்கு," என்று நிறுத்தினாள். அப்பா விடும் அதே இடைவெளி. "காலமானார்."

அந்த வீட்டில் யாரும் பேசாத தமிழ் அது.

பிறகு தன் குரலுக்குத் திரும்பினாள். "வயசு அறுபத்தேழு. அறுபத்தஞ்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு, அத நம்பாத."

"அம்மா... அறுபத்தஞ்சுன்னே வாசிச்சுடட்டுமா? எனக்குத்தான் அந்த ழ..."

"வராது. தெரியும். தெனமும் வீட்டுக்கு வந்து அவருக்கு உன்னப் பத்திதான் பொலம்பல். அறுபத்தேழு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, சொல்லிப் பழகு."

ஆறரைக்கு அம்மாவே தொலைக்காட்சியைப் போட்டாள். வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பெண் தாளைக் கீழே வைத்துவிட்டு, நேரே பார்த்து வாசித்தாள். "அவருக்கு வயது" என்று வந்ததும் நிறுத்தினாள். மகளின் கையில் சீப்பின் பற்கள் அழுந்தின.

"அறுபத்தேழு."

வானிலை தொடங்கியது. அம்மா சத்தத்தைக் குறைத்தாள். குனிந்து, அப்பாவின் சட்டைக் காலரை இழுத்துவிட்டாள்.

"ழ வந்துருச்சு," என்றாள் அவரிடம்.